மெட்டுக்கு மேலே வைத்த கடை

அயல்நாட்டில் போய்க் கடை வைத்தவர்கள் என்றதும் பர்மாவும் மலேயாவும் இலங்கையும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. கப்பலேறிப் போனவர்களின் கதை ஏட்டிலும் வாய்மொழியிலும் ஓரளவு பதிவாகியிருக்கிறது. கப்பலே ஏறாமல், பொதிமாட்டின் பின்னால் ஒரு பகல் முழுவதும் மலையேறி, பொழுது சாய்வதற்குள் வேறொரு மகாராஜாவின் ராஜ்யத்துக்குள் நுழைந்து, அங்கே வேறு நாணயத்தையும் வேறு ஆண்டுக் கணக்கையும் வேறு பாஷையில் எழுதிய சட்டத்தையும் ஏற்றுக்கொண்டு பிழைப்பைத் தொடங்கிய சிறு வியாபாரிகளின் சரித்திரம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் இன்றைய இடுக்கி ஜில்லாவின் மலைகளுக்கு ஏறியவர்களும், கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே போனவர்களும் அத்தகையோர். அவர்கள் வழியில் நின்ற தடைகள் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நீங்கின. சுங்கம் போயிற்று, ஏகபோகம் போயிற்று, நாணய பேதம் போயிற்று, சோதனைச் சாவடியும் போயிற்று. ஆனால் கடை நின்ற தரை யாருடையது என்ற கேள்வி மட்டும் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இன்றும் நிற்கிறது.

1949-ஆம் ஆண்டு வரை இந்த எல்லைப் பிரதேசத்தில் மூன்று ஆட்சிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. பாலக்காடு தாலூகா மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகவே சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கோயம்புத்தூர் வியாபாரி வாளையாறு வழியே பாலக்காட்டுக்குப் போனால் அதே சர்க்கார், அதே சட்டம், அதே ரூபாய். ஆனால் அவர் சற்றுத் தெற்கே விலகி, வேலந்தாவளம் வழியே சித்தூருக்கும் தத்தமங்கலத்துக்கும் போவாரானால், அங்கே கொச்சி மகாராஜாவின் எல்லைக்குள் புகுந்துவிடுவார்; ஏனெனில் சித்தூர்த் தாலூகா, கொச்சி ராஜ்யத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து பிரிந்து, பிரிட்டிஷ் பூமிக்கு நடுவே தனித்துக் கிடந்தது. தெற்கே தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைத் தாலூகாக்களோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் உடைமை. கம்பம் பள்ளத்தாக்கின் வயலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைமுகடே ராஜ்யத்தின் வரம்பு. அதற்கு ஏறுகிற வழிகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி, கொட்டகுடி என்று நாலைந்து மட்டுமே.

அந்தக் காலத்து ராஜ்யங்களுக்கு வருமானம் நிலத்திலிருந்து வந்ததைப் போலவே வழியிலிருந்தும் வந்தது. எல்லைதோறும் சவுக்கை வைத்து, கடந்துபோகும் சரக்குக்குச் சுங்கம் வாங்குவது திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் வழக்கமாக இருந்தது. போதாததற்கு மிளகு, புகையிலை, உப்பு, ஏலம் ஆகிய சரக்குகளைச் சர்க்காரே ஏகபோகமாக வைத்துக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்ச் சீமையில் புகையிலை தாராளமாக விளைந்தது. மலையாளக் கரையிலோ சர்க்கார் கிடங்கில் வாங்கும் புகையிலைக்குப் பல மடங்கு விலை. இவ்விரண்டுக்கும் இடையே இருந்ததோ முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள திறந்த கணவாய். ஆகவே கள்ளச்சரக்கு கடத்துவது இப்பக்கத்தில் ஒரு தொழிலாகவே வளர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மலபாரில் கம்பெனி சர்க்கார் நடத்திய புகையிலை ஏகபோகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நீங்கியது. திருவிதாங்கூரில் திவான் மாதவ ராவ் காலத்தில், 1860-ஐ ஒட்டி மிளகும் புகையிலையும் விடுபட்டன; 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் இடையே ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கையால் உள்நாட்டு எல்லைச் சுங்கமே ரத்தாயிற்று. அதற்குப் பிரதியாக இரண்டு சமஸ்தானங்களும் தம் துறைமுகங்களில் பிரிட்டிஷ் விகிதத்தையே ஏற்றுக்கொண்டு, உப்பின் விலையையும் சென்னை மாகாணத்தோடு சமப்படுத்திக்கொண்டன. அரிசி மூட்டையும் துணிப் பொதியும் வரி கட்டாமல் மெட்டு ஏறத் தொடங்கியது அந்த ஆண்டுக்குப் பிறகுதான்.

ஏலம் மட்டும் இந்த விடுதலைக்குப் புறம்பாக நின்றது. ஏலமலையில் பயிர் செய்த குடியானவர்களில் பெரும்பாலோர் கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து பருவந்தோறும் மலையேறிய தமிழர்கள். காட்டு மரங்களின் நிழலில் செடி வளர்த்துக் காய் பறித்து உலர்த்தியவர்கள் அவர்களே. ஆனால் விளைந்த காயை விற்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. முழுவதையும் சர்க்காரிடம் ஒப்படைத்து, சர்க்கார் நிர்ணயித்த பங்கைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சரக்கு ஆலப்புழைக்குப் போய் அங்கே ஏலம் போடப்படும். கீழே போடியில் ஒரு வியாபாரி ரொக்கத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க, மேலே குடியானவன் மேற்குக் கடற்கரையிலிருந்து வரும் பங்குக்காக மாதக்கணக்கில் காத்திருந்தான் என்றால், இருட்டில் மெட்டு இறங்கிய மூட்டைகள் எத்தனை என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். 1869-ல் சமஸ்தான சர்க்கார் ஏலமலைக்கென்று மாஜிஸ்டிரேட் அதிகாரத்தோடு ஒரு சூப்பரின்டென்டென்டை நியமித்ததற்கு இந்தக் கள்ளப் போக்கும் ஒரு காரணம். 1896-ல் ஏகபோகம் கைவிடப்பட்டு, அதன் இடத்தில் நிலவரி வந்தது. அன்றுமுதல் போடி வியாபாரி பகிரங்கமாக முன்பணம் கொடுத்துக் காய் வாங்கினார். அந்த முன்பணம் பெரும்பாலும் பணமாகப் போகாமல் அரிசியும் உப்பும் கருவாடும் கம்பளியுமாகப் போனபடியால், ஏல வியாபாரத்தின் நிழலிலேயே மலைமேல் மளிகைக் கடையும் முளைத்தது.

இதே காலத்தில் தேயிலையும் வந்தது. 1877-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி பூஞ்சாறு ராஜா கண்ணன் தேவன் மலைகளில் ஏறக்குறைய 227 சதுர மைல் பரப்பை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார். 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி ஏற்பட்டு, காடு தோட்டமாயிற்று. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் அடி அந்தச் சீமைகளில் அப்போதும் ஆறவில்லை. தோட்டத்து லயங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறின. குளிரும் அட்டையும் மலைக்காய்ச்சலும் நிறைந்த அந்த இடத்தில் அவர்களுக்கு வேண்டிய மிளகாயும் புளியும் வெற்றிலையும் யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் குமுளியிலும் பஜார் தோன்றிய வரலாறு இதுவே. ராவுத்தர்களும் நாடார்களும் செட்டியார்களும் இந்தக் கடைத்தெருக்களில் அடுத்தடுத்து அமர்ந்தார்கள்.

அத்தகைய கடை ஒன்றின் நிர்வாகத்தைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். குடும்பம் கீழே பள்ளத்தாக்கில். குழந்தைகளை மலைக்காய்ச்சலுக்கு இரையாக்க யாரும் விரும்பவில்லை. அண்ணனும் தம்பியும், அல்லது மாமனும் மருமகனும், முறை வைத்துக்கொண்டு மேலே இருப்பார்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு இருவருமே இறங்கிவிட, கடையில் ஒரு பையன் மட்டும் படுத்திருப்பான். போடியிலுள்ள மொத்த வியாபாரி தவணைக்குச் சரக்குக் கொடுப்பார். கடைக்காரர் அதையே லயத்து ஜனங்களுக்குப் பற்றில் கொடுப்பார். தோட்டத்தில் சம்பளம் போடுகிற அன்று பேரேட்டை எடுத்துக்கொண்டு கங்காணியின் பக்கத்தில் போய் நிற்பார். கூலிக்காரர் இரவோடு இரவாக ஊருக்குத் தப்பிப் போய்விட்டால் அந்தப் பற்று போனது போனதுதான். ஆகவே யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைத் தீர்மானித்தது அவருடைய சொத்தன்று, அவரைக் கொண்டுவந்த கங்காணியின் வாக்கு. இந்த அபாயத்தையெல்லாம் கணக்கிட்டுத்தான் மலைமேல் மிளகாயின் விலை கீழே இருந்ததைக் காட்டிலும் ஏறி நின்றது. கொள்ளை லாபம் என்று ஏசியவர்கள் உண்டு. அந்த ஏச்சில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆயினும் ரொக்கம் கேட்டிருந்தால் அந்த லயங்களில் மாதத்தில் பாதி நாள் அடுப்பு எரிந்திராது என்பதும் நியாயமே.

கடைக்காரருக்குப் பெருந்தலைவலியாக இருந்தது நாணயம். திருவிதாங்கூரில் பதினாறு காசு ஒரு சக்கரம். நாலு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அரைச் சக்கரம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. கடையில் விற்ற சரக்குக்கு நூறு சர்க்கார் ரூபாய் சேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்து, போடியில் நூறு ரூபாய்க் கடனை அடைக்கப் போனால், அங்கே 2,850 சக்கரம் கேட்பார்கள். இவர் கையிலோ 2,800. நூற்றுக்கு ஒரு ரூபாய் இருபத்திரண்டு சக்கரம் துண்டு விழும். மளிகைக் கடையின் மெலிந்த லாபத்தில் இது சிறிய தொகையன்று. ஆகவே மெட்டுக்கு மேலே பேரேட்டில் ஒவ்வொரு வரவுக்கும் எந்த ரூபாய் என்று குறிப்பது வழக்கமாயிற்று. வெள்ளிச் சக்கரம் மிகவும் சிறியது. விரலிடுக்கில் நழுவினால் தரையில் தேடி எடுப்பது பிரயாசை. அதை எண்ணுவதற்கென்றே, வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டிய ஒரு பலகை இருந்தது. கைப்பிடி நாணயத்தை அதன்மேல் கொட்டி இப்படியும் அப்படியும் அசைத்தால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துகொள்ளும், மிஞ்சியதை வழித்துவிட்டால் பலகை நிறைந்த தொகை ஒரே பார்வையில் தெரியும். எண்ணுகிறவரும் ஏமாற முடியாது, எதிரே நிற்கிறவரும் சந்தேகிக்க முடியாது என்பது அதன் விசேஷம்.

நாணயத்துக்கு அடுத்தபடி ஆண்டுக் கணக்கு. கீழே மதுரை ஜில்லாவில் ரெவின்யூ உத்தியோகஸ்தர்களுக்குப் பசலி. மேலே சமஸ்தானத்தில் கொல்லம் ஆண்டு. கடைக்காரரின் சொந்தப் புதுக்கணக்கோ தமிழ் வருஷம். 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து ஒரே வெள்ளம், போடிக் கணக்கில் பசலி 1334-லும், மூணாற்றுக் கணக்கில் கொல்லம் 1099-லும், வீட்டுக் கணக்கில் ரக்தாட்சியிலும் விழுந்தது. கொல்லம் ஆண்டிலும் ஒற்றுமை இல்லை: திருவிதாங்கூரில் அது சிங்க மாதத்தில், நம் ஆவணியில், பிறக்கும், வட மலையாளத்தில் கன்னியில் பிறக்கும். இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் ஒரு பிராமிசரி நோட்டின் கெடுவை எழுதும்போது எந்த ஆண்டு என்று தெளிவாக எழுதாவிட்டால் வழக்குக்கு இடமாகிவிடும். அளவையிலும் இதே கதைதான். கீழே படியும் மரக்காலும், மேலே நாழியும் இடங்கழியும் பறையும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1958 முதல் 1962-க்குள் கிலோவும் லிட்டரும் வந்து சேரும் வரை, மலைக்கடைகளில் இரண்டு ஜாதி அளவுகள் அருகருகே தொங்கின.

வெள்ளத்தைக் குறிப்பிட்டோம், அது இந்த வியாபாரத்தின் முகத்தையே திருப்பிய சம்பவம். அதுவரை மூணாறு கிழக்கு நோக்கி இருந்த ஊர். 1902-ல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் சிறு ரயிலாக உயர்ந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், தேயிலைப் பெட்டிகளை மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து கம்பி வழியே தொங்கி அவை கொட்டகுடிப் பக்கம் இறங்கும். பிறகு வண்டியில் போடிக்கும், ரயிலடிக்கும், தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போகும். திரும்பும் கம்பியில் அரிசி ஏறும். மூணாற்றுக் கடைக்காரருக்குப் போடி மொத்த வியாபாரியைத் தவிர வேறு கதி இல்லை. போடி வியாபாரிக்கும் அதுவே சௌகரியம். 1924 வெள்ளம் ரயில் பாதையை வாரிக்கொண்டு போயிற்று. அதைத் திரும்பக் கட்டவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். நான்கு ஆண்டு முன்னால் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கக்கூடும். 1931-ல் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குப் புதிய சாலை திறக்கப்பட்டது. 1935-ல் நேரியமங்கலத்தில் பெரியாற்றுக்குப் பாலமும் அமைந்தது. தேயிலை கொச்சிக்குத் திரும்பிற்று. அந்த லாரிகள் திரும்பி வரும்போது மேற்கத்திச் சரக்கையும் வியாபாரிகளையும் ஏற்றி வந்தன. அதற்குப் பிறகு தமிழ்க் கடைக்காரர் தனிக்காட்டு ராஜாவாக இருக்கவில்லை. மலையாளத்தில் விலை பேசவும் எழுதவும் கற்றார், கற்காதவர் பின்தங்கினார்.

1949 ஜூலை முதல் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரமும் பணமும் செலாவணியிலிருந்து மறைந்தன. தேவிகுளம், பீர்மேடு தாலூகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. 1954-ல் பட்டம் தாணுப்பிள்ளை மந்திரிசபை ஏலமலைப் பகுதியில் மலையாளக் குடியேற்றத்தை ஊக்குவித்தது. 1955-ல் பசல் அலி கமிஷன் தென்கோடித் தமிழ்த் தாலூகாக்களைச் சென்னைக்கும், இந்த மலைத் தாலூகாக்களைக் கேரளத்துக்கும் விடச் சிபாரிசு செய்தது. 1956 நவம்பர் முதல் தேதி பாலக்காடும் சித்தூரும் பீர்மேடும் தேவிகுளமும் ஒரே கேரளத்துக்குள் வந்தன. கடைக்காரருக்கு இதன் பலன் என்ன? மூன்று ராஜ்யம் இரண்டாயிற்று. ஆனால் மீதியிருந்த ஒரே கோட்டில் முன்பில்லாத அளவுக்குக் காகிதம் குவிந்தது. திருவிதாங்கூர்-கொச்சி விற்பனை வரிச் சட்டம், பெயரிலேயே கொல்லம் 1125 என்ற ஆண்டைத் தாங்கி, 1963-ல் கேரளச் சட்டம் வரும் வரை அமலில் இருந்தது. போடியில் வாங்கிய சரக்குக்கு அங்கே ஒரு சட்டம், இங்கே ஒரு சட்டம், நடுவில் 1956-ஆம் ஆண்டு மத்திய விற்பனை வரிச் சட்டம். 1865-ல் எடுத்த சவுக்கை, சோதனைச் சாவடி என்ற பெயரில் வாளையாற்றிலும் குமுளியிலும் மீண்டும் வந்து உட்கார்ந்தது. 1960-களில் அரிசிக்கும் எல்லைத் தடை வந்தபோது, பழைய புகையிலைப் பாதைகளில் அரிசி மூட்டை நடந்தது. வாளையாற்றில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காட்சி 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்த பிறகே முடிந்தது.

காகிதம் ஒழிந்தாலும் எல்லை அவ்வப்போது தன் இருப்பை நினைவூட்டாமல் விடவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய பூசல் கொதித்து, குமுளிப் பாதையில் போக்குவரத்து நின்று, மலையில் தமிழ்த் தொழிலாளரும் கடைக்காரரும், கீழே மலையாளிகளின் கடைகளும் சேதத்துக்கு ஆளானபோது, மிகவும் அவதிப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் பற்று வைத்திருந்த சிறு வியாபாரிகளே. அந்த மாதம் ஏலத்துக்குக் காய் எடுக்கும் பருவம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினந்தோறும் ஜீப்பில் ஏறும் பெண்கள் வராமற்போனதால் தோட்டத்தில் காய் பழுத்து உதிர்ந்தது. கீழ் இல்லாமல் மேலும், மேல் இல்லாமல் கீழும் நடவாது என்பதை அரசியல்வாதிகளுக்கு முன்னால் வியாபாரிகள் உணர்ந்து சமாதானம் தேடியதில் வியப்பில்லை. இன்று ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும், மலைமேல் வண்டன்மேட்டுக்கு அருகே புற்றடியிலும் நடக்கிறது. இரண்டிலும் காய் வாங்குகிறவர்களில் பலர் ஒரே மனிதர்கள்.

இனித் தரையின் விஷயம். ஏலமலையில் சர்க்கார் கொடுத்தது ஏலம் பயிரிடும் உரிமை. அங்கே எழுந்த கடை, அந்தக் குத்தகையின் ஓரத்தில் நின்ற கடை. மூணாற்றில் பஜாரின் தரை கம்பெனியினுடையது. வாடகை கொடுத்து இருக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. 1971-ல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் வந்து, தோட்டம் அல்லாத நிலம் ராஜ்யத்தின் கைக்குத் திரும்பிய பிறகும், கடைக்காரரின் பாத்தியதை தெளிவுபடவில்லை. 1964-ஆம் ஆண்டு நிலப் பதிவு விதிகளின்படி கொடுத்த பட்டயங்களில் பெரும்பாலானவை சாகுபடிக்கும் குடியிருப்புக்கும் கொடுத்தவை. அந்த நிலத்தில் கடை கட்டியது நிபந்தனை மீறலா என்று கோர்ட்டுகள் கேட்கத் தொடங்கின. 2023-ல் கேரளச் சட்டசபை அத்தகைய கட்டடங்களை முறைப்படுத்த வழிசெய்து ஒரு திருத்தம் நிறைவேற்றியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஏலமலைக் காட்டு நில வழக்கில், புதிய பட்டயம் கொடுப்பதை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. தாத்தா சக்கரம் எண்ணிய இடத்திலேயே பேரன் கைபேசியில் பணம் வாங்குகிறார். ஆனால் பாங்கில் கடன் கேட்கப் போனால் ஈடாக வைப்பதற்கு மலைமேல் அவரிடம் பத்திரம் இல்லாமல், கீழே பள்ளத்தாக்கிலுள்ள வீட்டுப் பத்திரத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்.

பிறதேசத்தில் தொழில் நடத்துகிறவருக்கு வேண்டியது மூலதனம், பாஷை, பழக்கம் என்று சாதாரணமாகச் சொல்லுவார்கள். இந்த மலைக் கடைக்காரர்களிடம் மூலதனம் குறைவு. பாஷையைக் காலப்போக்கில் கற்றார்கள். பழக்கமோ நாலு தலைமுறையாக இருக்கிறது. வணிகம் செய்யும் உரிமையை ஆட்சிகள் ஒவ்வொரு தவணையிலும் சற்றே தாராளமாகத்தான் கொடுத்து வந்திருக்கின்றன. ஏனென்றால் அதனால் ஆட்சிக்கும் வருமானம் உண்டு. நிலைத்து நிற்கும் உரிமையைக் கொடுப்பதில் திருவிதாங்கூர் சர்க்காருக்கும் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் இன்றைய ஜனநாயக சர்க்காருக்கும் ஒரே தயக்கம் இருந்து வந்திருக்கிறது. அந்தத் தயக்கம் தீரும் வரை, மெட்டுக்கு மேலே கடை வைத்தவர் எத்தனை தலைமுறை ஆனாலும் கீழேயுள்ள வீட்டை விற்கமாட்டார்.